துப்பாக்கிகள் ஓய்ந்தன, காவலுக்கு வந்தவர் போகவில்லை: லக்தர் பிராஹிமியும் தாயிஃப் உடன்படிக்கையும்

அரபு இராஜதந்திரிகளில் அதிகமான போர்களைக் கிட்ட நின்று பார்த்தவர் யார் என்று கேட்டால், அல்ஜீரியாவின் லக்தர் பிராஹிமியின் பெயர்தான் முதலில் வரும். 1934-இல் பிறந்தவர். பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான விடுதலைப் போர் நடந்தபோது தேசிய விடுதலை முன்னணியின் பிரதிநிதியாக 1956 முதல் 1961 வரை ஜகார்த்தாவில் இருந்தார். பிறகு கெய்ரோவிலும் லண்டனிலும் தூதர், 1984 முதல் அரபு லீக்கின் துணைப் பொதுச்செயலர், 1991 முதல் 1993 வரை அல்ஜீரிய வெளியுறவு அமைச்சர். அதற்குப் பின் தென்னாப்பிரிக்கா, ஹெய்ட்டி, ஆப்கானிஸ்தான், ஈராக், சிரியா என்று ஐ.நா. அனுப்பிய இடமெல்லாம் போனார்.

இத்தனை பணிகளில் அவருக்கு வெற்றி என்று பொதுவாகக் கணக்கு வைக்கப்படுவது 1989-இல் லெபனானுக்காக சவூதி அரேபியாவின் தாயிஃப் நகரில் முடிந்த உடன்படிக்கை. தோல்வி என்று சொல்லப்படுவது 2014-இல், உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்த சிரியாவுக்காக ஜெனீவாவில் நடந்த பேச்சு. இரண்டிலும் மத்தியஸ்தர் ஒருவரே, அவருடைய பொறுமையும் ஒன்றே. ஒன்று நின்றதற்கும் மற்றது விழுந்ததற்கும் காரணத்தைத் தேட வேண்டிய இடம் பேச்சு மேசை அல்ல, அந்த மேசைக்கு வெளியே இருந்தவர்கள். தாயிஃபை வெற்றி என்று மட்டும் எழுதிவிட்டுப் போகவும் முடியாது. எந்தக் கை அதை நிறைவேற்றியதோ அந்தக் கையே அதன் பாதியை எடுத்துக்கொண்டது.

1988 செப்டம்பர்: ஒரு நாடு, இரண்டு அரசு

லெபனான் உள்நாட்டுப் போர் 1975 ஏப்ரல் 13-இல் தொடங்கியது. பதின்மூன்று ஆண்டுகளில் யார் யாரோடு சண்டையிடுகிறார்கள் என்ற கணக்கே பலமுறை மாறிவிட்டது. 1988 செப்டம்பர் 22 இரவு குடியரசுத் தலைவர் அமீன் ஜெமாயெலின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க நாடாளுமன்றம் கூட முடியவில்லை. கடைசி நிமிடத்தில் ஜெமாயெல் இராணுவத் தளபதி மிஷேல் அவுன் தலைமையில் ஓர் இராணுவ அமைச்சரவையை நியமித்துவிட்டு இறங்கினார். மேற்கு பெய்ரூத்தில் இருந்த பிரதமர் சலீம் அல்-ஹொஸ் அதை ஏற்கவில்லை. குடியரசுத் தலைவரே இல்லாத நாட்டில் இரண்டு அரசுகள் உட்கார்ந்தன.

1989 மார்ச் 14 அன்று அவுன், லெபனானுக்குள் இருந்த சிரியப் படைகளுக்கு எதிராக 'விடுதலைப் போர்' அறிவித்தார். அவருக்கு ஆயுதம் அனுப்பியது சதாம் ஹுசைனின் ஈராக். ஈரானோடு நடந்த எட்டு ஆண்டுப் போரில் சிரியத் தலைநகர் டமாஸ்கஸ் தெஹ்ரான் பக்கம் நின்றதற்கான பழைய கணக்கைத் தீர்க்க பாக்தாதுக்கு இது வசதியான களம். லெபனான் சண்டையில் பாதி லெபனானுடையதே அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அரபு லீக் முதலில் குவைத் வெளியுறவு அமைச்சர் தலைமையில் ஆறு பேர் குழுவை அனுப்பிப் பார்த்தது. வெளியுறவு அமைச்சர்கள் சொல்லி சிரியத் தலைவர் ஹாஃபிஸ் அல்-அஸத் கேட்பவர் அல்ல. எனவே 1989 மே மாதம் காசாபிளாங்கா உச்சி மாநாட்டில் பொறுப்பை ஒரு படி மேலே தூக்கி, மொராக்கோ மன்னர் இரண்டாம் ஹசன், சவூதி மன்னர் ஃபஹத், அல்ஜீரியத் தலைவர் ஷாத்லி பெஞ்ஜதீத் ஆகிய மூவர் உயர்மட்டக் குழுவிடம் ஒப்படைத்தார்கள். அதன் தூதராகப் பெய்ரூத்துக்கும் டமாஸ்கஸுக்கும் பாக்தாதுக்கும் இடையே அலைந்தவர் பிராஹிமி.

ஜூலை 31-க்கும் செப்டம்பர் 16-க்கும் நடுவில்

தாயிஃபைப் பற்றி எழுதுபவர்கள் நேராக அக்டோபருக்குத் தாவிவிடுவது வழக்கம். உண்மையான பேரம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

ஜூலை 31 அன்று மூவர் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. லெபனான் அரசின் இறையாண்மை பற்றிச் சிரியாவின் கருத்தும் தங்கள் கருத்தும் ஒத்துப்போகவில்லை, முட்டுச்சந்துக்கு வந்துவிட்டோம் என்பது அதன் சாரம். அரபு மன்னர்கள் டமாஸ்கஸ் மீது வெளிப்படையாகக் குறை சொன்னது அபூர்வம். அவுன் மகிழ்ந்தார். விளைவு தலைகீழாக வந்தது. ஆகஸ்டில் ஷெல் வீச்சு உச்சத்துக்குப் போனது, பெய்ரூத்துக்கு மேலே உள்ள சூக் அல்-கர்ப் மலைமுகட்டைப் பிடிக்கத் தரைப்படைத் தாக்குதலும் நடந்தது. ஆகஸ்ட் 15 அன்று ஐ.நா. பாதுகாப்பு மன்றம் போர்நிறுத்தம் கோர வேண்டியதாயிற்று.

குழு செப்டம்பரில் மீண்டும் கூடியபோது அதன் குரல் மாறியிருந்தது. சிரியப் படை விலகலைத் தீர்வுக்கு முன்நிபந்தனையாக வைத்தால் தீர்வே கிடையாது, தீர்வுக்குப் பின்வரும் கட்டமாக வைத்தால் டமாஸ்கஸ் தடுக்காது: ஆகஸ்ட் கற்றுத்தந்த பாடம் இதுதான். செப்டம்பர் 16-இல் வந்த ஏழு அம்சத் திட்டம் இந்தக் கணக்கின் மேல்தான் கட்டப்பட்டது. 2005 வரை லெபனான் கொடுத்த விலையின் முதல் தவணை இந்த ஏறத்தாழ ஏழு வாரத்தில் எழுதப்பட்டது என்றே சொல்லலாம். வேறு வழி இருந்ததா என்பது வேறு கேள்வி. ஷெல் விழுந்துகொண்டிருந்த ஊரில் இருந்தவர்களுக்கு அந்தக் கேள்வியை விவாதிக்க நேரம் இருந்திருக்காது.

அந்த ஏழு அம்சங்களின் வரிசையில்தான் பிராஹிமியின் கைத்திறன் தெரிகிறது. முதலில் போர்நிறுத்தம். உடனே அதைக் கண்காணிக்க லெபனானியர் அடங்கிய பாதுகாப்புக் குழு, அதற்குத் தலைவர் பிராஹிமியே. அடுத்து கடல் முற்றுகை நீக்கம். முற்றுகையை நீக்கினால் ஆயுதக் கப்பல் வரும் என்பது சிரியாவின் மறுப்பு, நீக்காவிட்டால் பேச முடியாது என்பது அவுனின் மறுப்பு. சந்தேகத்துக்குரிய கப்பலைச் சோதிக்கும் அதிகாரத்தைப் பாதுகாப்புக் குழுவுக்குக் கொடுத்ததால் இரு தரப்பும் வாய் திறக்க முடியவில்லை. பிறகு பெய்ரூத் விமான நிலையத் திறப்பு. கடைசியாக, செப்டம்பர் 30 அன்று நாடாளுமன்ற உறுப்பினர்கள் நாட்டுக்கு வெளியே கூட வேண்டும் என்று தேதியோடு ஓர் அழைப்பு.

ஒவ்வொரு படியும் சாதாரண ஜனங்களுக்குக் கண்ணில் படும் பலனைக் கொடுத்தது. விமானம் இறங்கியது, கப்பல் வந்தது. மீறுபவன் யாராயிருந்தாலும் தன் சொந்த மக்களிடமே பதில் சொல்ல வேண்டிய நிலை. போர்நிறுத்தத்துக்கும் அரசியல் கூட்டத்துக்கும் நடுவில் இரண்டு வாரம்தான் இடைவெளி. வெறும் போர்நிறுத்தங்கள் லெபனானில் ஏற்கனவே எத்தனையோ வந்து போயிருந்தன. இடைவெளி நீண்டால் இதுவும் அந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கும்.

யாரை அழைத்தார்கள், எதைப் பேசவிட்டார்கள்

தாயிஃபுக்கு அழைக்கப்பட்டவர்கள் ஆயுதக் குழுத் தலைவர்கள் அல்லர். 1972-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர்கள். போரால் தேர்தலே நடக்காமல், பதவிக்காலம் நீட்டிக்கப்பட்டு நீட்டிக்கப்பட்டு பதினேழு ஆண்டு கழித்தும் அவர்களே உறுப்பினர்கள். 99 பேரில் 73 பேர் உயிரோடு இருந்தார்கள், 62 பேர் வந்தார்கள். கிறிஸ்தவர் பாதி, முஸ்லிம் பாதி. பலர் வெளிநாட்டில் குடியேறியிருந்தவர்கள், துப்பாக்கிக்காரர்கள் யாரும் அவர்கள் பேச்சைக் கேட்பதில்லை.

பார்வைக்கு இது பலவீனம். ஆனால் அரசியலமைப்பைத் திருத்தவும் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கவும் சட்டப்படி உரிமையுள்ள அமைப்பு நாட்டில் அது ஒன்றுதான் மிச்சம். 1983, 1984-இல் ஜெனீவாவிலும் லோசானிலும் ஆயுதத் தலைவர்களை உட்கார வைத்துப் பேசியபோது ஒன்றும் தேறவில்லை. ஒவ்வொருவரும் தன் படையின் அளவுக்கு இடம் கேட்டார்கள். தாயிஃபில் உட்கார்ந்தவர்களுக்குக் கையில் வாக்கு மட்டும் இருந்தது. நாடாளுமன்றத் தலைவர் ஹுசைன் அல்-ஹுசைனி, சவூதி வெளியுறவு அமைச்சர் சவூத் அல்-ஃபைசல், சவூதி மன்னரின் நம்பிக்கைக்குரிய லெபனான் தொழிலதிபர் ரஃபீக் ஹரீரி, பிராஹிமி: இந்த நால்வரைச் சுற்றித்தான் வரைவு நகர்ந்தது.

வெற்றுத்தாளோடு கூட்டத்தைத் தொடங்கவில்லை. 'தேசிய இணக்க ஆவணம்' முன்கூட்டியே எழுதப்பட்டு வந்தது. அதில் அரசியல் சீர்திருத்தப் பகுதியை உறுப்பினர்கள் விவாதிக்கலாம், திருத்தலாம். சிரியப் படைகள் பற்றிய பகுதி டமாஸ்கஸோடு ஏற்கனவே பேசி முடித்தது, அதைத் தொட்டால் மொத்தமும் போய்விடும் என்று சொல்லப்பட்டது. கிறிஸ்தவ உறுப்பினர்கள் விடாமல் பிடித்ததால் சவூத் அல்-ஃபைசல் கூட்டத்தின் நடுவே டமாஸ்கஸ் போய் வந்தார். கிடைத்தது சிறிய சொல் மாற்றங்கள். அக்டோபர் 22 அன்று ஆவணம் நிறைவேறியது. கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்புகளை ஹுசைனி கடைசி வரை வெளியிடவில்லை. 2023-இல் அவர் இறக்கும்வரை பத்திரிகையாளர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஷரத்துகள்: எங்கே பிடிமானம், எங்கே ஓட்டை

மதச் சமூகங்களுக்கிடையே பதவிகளைப் பங்கிட்ட 1943-இன் தேசிய ஒப்பந்தம் எழுதப்படாத ஒன்று. 1932 மக்கள்தொகைக் கணக்கை அடியாக வைத்து நாடாளுமன்றத்தில் ஆறு கிறிஸ்தவருக்கு ஐந்து முஸ்லிம் என்ற விகிதம் நடைமுறையில் இருந்தது. அதற்குப் பின் அந்த நாட்டில் அதிகாரபூர்வ மக்கள்தொகைக் கணக்கெடுப்பே நடக்கவில்லை, எண்ணினால் சண்டை வரும் என்பதால். தாயிஃப் யார் எத்தனை பேர் என்ற கேள்விக்கே போகவில்லை. பாதிக்குப் பாதி என்று எழுதி, இடங்களை 99-இலிருந்து 108 ஆக்கியது. 1992 தேர்தல் சட்டம் அதை 128 ஆக்கிவிட்டது.

மரோனைட் கிறிஸ்தவரான குடியரசுத் தலைவரிடம் இருந்த நிர்வாக அதிகாரம் அமைச்சரவைக்கு, அதுவும் கூட்டாக, மாற்றப்பட்டது. ஷியா சமூகத்துக்கு உரிய நாடாளுமன்றத் தலைவர் பதவிக்காலம் ஓராண்டிலிருந்து நான்காண்டு ஆனது. சுன்னி பிரதமருக்கு அமைச்சரவையின் கடிவாளம் வந்தது.

சமன்பாடு காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. கோளாறு கடிகாரங்களில். சட்டத்தில் கையெழுத்திடவோ திருப்பி அனுப்பவோ குடியரசுத் தலைவருக்குக் காலக்கெடு உண்டு. அமைச்சர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. பிரதமராக நியமிக்கப்பட்டவர் அமைச்சரவையை எத்தனை நாளில் அமைக்க வேண்டும் என்றும் எழுதவில்லை. 2013 ஏப்ரலில் நியமிக்கப்பட்ட தம்மாம் சலாம் 2014 பிப்ரவரி 15 அன்றுதான் அமைச்சரவை அமைத்தார். பத்து மாதம்.

அதைவிடப் பெரிய ஓட்டை அரசியலமைப்பின் 65-ஆம் பிரிவில். போர், சமாதானம், வரவுசெலவுத் திட்டம், சர்வதேச ஒப்பந்தம், தேர்தல் சட்டம், முதல்நிலை அதிகாரிகள் நியமனம் என்று பதினான்கு 'அடிப்படை விவகாரங்களுக்கு' அமைச்சரவையில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 69-ஆம் பிரிவின்படி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அமைச்சர்கள் விலகினால் அரசே கவிழ்ந்ததாகக் கொள்ளப்படும். இரண்டையும் சேர்த்துப் படித்தவர்களுக்குக் கிடைத்தது 'தடுக்கும் மூன்றிலொன்று'. லெபனான் கட்சிகளுக்கிடையே முடிந்த 2008 தோஹா உடன்படிக்கையில், ஈரான் ஆதரவு ஷியா இயக்கமான ஹிஸ்புல்லாவின் அணி 30 அமைச்சர்களில் 11 இடத்தை வாங்கியது. 2011 ஜனவரி 12 அன்று ரஃபீக் ஹரீரியின் மகனான பிரதமர் சஅத் ஹரீரி வெள்ளை மாளிகையில் ஒபாமாவைச் சந்தித்துக்கொண்டிருந்த வேளையில் பதினொரு அமைச்சர்கள் விலகினார்கள், அவர் முன்னாள் பிரதமராகத் திரும்பினார். சிறுபான்மைக்குக் காப்பு என்று வைத்தது, வெளிநாட்டு ஆதரவாளன் ஒருவன் தொலைபேசியில் அரசைக் கவிழ்க்கும் விசையாக மாறியது.

ஆயுதக் குழுக்கள் ஆறு மாதத்துக்குள் கலைந்து ஆயுதங்களை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது ஆவணம். 1991 வசந்தத்தில் 'லெபனான் படைகள்' என்ற கிறிஸ்தவ ஆயுதக் குழு, ஷியா குழுவான அமல், ட்ரூஸ் சமூகத்தின் முற்போக்கு சோஷலிஸ்ட் கட்சி எல்லாம் கனரக ஆயுதங்களைக் கொடுத்தன. ஹிஸ்புல்லா கொடுக்கவில்லை. இஸ்ரேலிய ஆக்கிரமிப்பிலிருந்து நாட்டை விடுவிக்க 'தேவையான எல்லா நடவடிக்கைகளும்' எடுக்கலாம் என்று இன்னொரு பகுதியில் ஒரு வரி இருந்தது. அந்த வரியின் நிழலில் அது 'ஆயுதக் குழு' அல்ல, 'எதிர்ப்பு இயக்கம்' என்று வகைப்படுத்தப்பட்டது. டமாஸ்கஸும் தெஹ்ரானும் விரும்பிய வகைப்பாடு அது. இஸ்ரேல் 2000 மே மாதம் தெற்கிலிருந்து விலகிய பிறகும் மாறவில்லை.

சிரியப் படை பற்றிய ஷரத்துதான் நுணுக்கமானது. சிரியப் படைகள் லெபனான் அரசுக்கு உதவும் காலம் அதிகபட்சம் இரண்டு ஆண்டு. அதன் பின் பெக்கா பள்ளத்தாக்குக்கும் அதன் மேற்கு வாயிலுக்கும் பின்வாங்க வேண்டும். அந்த இரண்டு ஆண்டு எப்போது தொடங்கும்? ஆவணம் ஏற்கப்பட வேண்டும், குடியரசுத் தலைவர் தேர்வாக வேண்டும், தேசிய இணக்க அரசு அமைய வேண்டும், சீர்திருத்தங்கள் அரசியலமைப்பில் ஏற வேண்டும். நான்கும் முடிந்த பிறகு. அரசியலமைப்புத் திருத்தம் கையெழுத்தானது 1990 செப்டம்பர் 21. ஆக, கெடு 1992 செப்டம்பர். அதுவும் பெக்காவுக்கு நகர்வதற்குத்தான். நாட்டைவிட்டே போவது இரு அரசுகளும் பேசி முடிவு செய்ய வேண்டியது என்று விட்டுவிட்டார்கள். அந்த இரு அரசுகளில் ஒன்றை மற்றதுதான் நியமிக்கப் போகிறது என்பதை எழுதியவர்கள் யாரும் அறியாதவர்கள் அல்லர்.

நிறைவேற்றியது யார்

1989 நவம்பர் 5 அன்று வடக்கே கிலைஅத் விமானத் தளத்தில் உறுப்பினர்கள் கூடி ஆவணத்தை ஏற்று, ரெனே முஅவ்வத்தைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவுன் நாடாளுமன்றத்தையே கலைத்துவிட்டதாக அறிவித்தார். மரோனைட் முதுபெரும் தந்தை நஸ்ரல்லா ஸ்ஃபெய்ர் தாயிஃபை ஆதரித்ததால் அவுன் ஆதரவாளர்கள் அவர் இல்லத்துக்குள்ளேயே புகுந்து ரகளை செய்தார்கள். பதினேழு நாள் கழித்து, நவம்பர் 22 சுதந்திர தினத்தன்று முஅவ்வத் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். இரண்டே நாளில் இலியாஸ் ஹிராவியைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வேகம் இல்லாமல் ஒரு வாரம் தயங்கியிருந்தால் தாயிஃப் அங்கேயே செத்திருக்கும்.

அடுத்து பத்து மாதம் தேக்கம். 1990 ஜனவரி 31 முதல் அவுனும் சமீர் ஜாஜாவின் லெபனான் படைகளும் தமக்குள்ளேயே மோதி கிறிஸ்தவப் பகுதியை நாசமாக்கிக்கொண்டார்கள். முடிச்சை அவிழ்த்தது லெபனானில் நடந்த எதுவும் அல்ல. 1990 ஆகஸ்ட் 2 அன்று சதாம் குவைத்துக்குள் புகுந்தார். அவுனின் ஆயுத வழி அடைபட்டது. சிரியா அமெரிக்கக் கூட்டணியில் சேர்ந்தது. வாஷிங்டனுக்கு அஸத் திடீரென்று தேவைப்பட்டார். அக்டோபர் 13 அன்று சிரிய விமானங்கள் அவுன் இருந்த பஅப்தா குடியரசுத் தலைவர் மாளிகையைக் குண்டுவீசித் தாக்கின, யாரும் தடுக்கவில்லை. அவுன் பிரெஞ்சுத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்தார். போர் முடிந்தது.

கூலி உடனே வசூலானது. 1991 மே 22-இல் சிரியாவோடு 'சகோதரத்துவ' ஒப்பந்தம். ஜூனில் காலியிடங்களுக்கும் புதிய இடங்களுக்கும் நாற்பது உறுப்பினர்கள் தேர்தலின்றி நியமனம். ஆகஸ்டில் பொதுமன்னிப்புச் சட்டம், துப்பாக்கிக்காரர்கள் சூட்டு கோட்டு போட்டு அமைச்சர்களானார்கள். 1992 தேர்தலைக் கிறிஸ்தவர்கள் பெருமளவில் புறக்கணித்தார்கள். அந்த செப்டம்பர் கெடு வந்து போனது, சிரியப் படை அசையவில்லை. 2005 பிப்ரவரி 14-இல் ரஃபீக் ஹரீரி கொல்லப்பட்டு, ஜனங்கள் தெருவில் இறங்கி, ஏப்ரல் 26-இல்தான் கடைசிச் சிப்பாய் எல்லை தாண்டினான். மதவாரி அரசியலை ஒழிக்க அமைக்க வேண்டிய தேசியக் குழு, செனட் சபை இரண்டும் காகிதத்திலேயே இருக்கின்றன.

பானில் காலியாக இருந்த நாற்காலி

தாயிஃபில் பிராஹிமி கற்றதை 2001-இல் ஜெர்மனியின் பான் அருகே பீட்டர்ஸ்பெர்க் விடுதியில் பயன்படுத்தினார். நவம்பர் 27 முதல் டிசம்பர் 5 வரை ரமலான் நோன்புக் காலத்தில் ஆப்கான் பேச்சு. தாலிபானை எதிர்த்துப் போரிட்ட வடக்குக் கூட்டணி, நாட்டுக்கு வெளியே இருந்தவர்களின் ரோம் குழு, சைப்ரஸ் குழு, பெஷாவர் குழு என நான்கு தரப்பு. ஒதுக்கமான மலைமேல் விடுதி, முன்தயாரிப்பு வரைவு, நெருக்கமான கெடு, அக்கம்பக்கத்து நாட்டுத் தூதர்கள் தாழ்வாரத்தில்: எல்லாம் அதே முறை. ஒன்பது நாளில் ஹமித் கர்சாயின் இடைக்கால அரசு பிறந்தது.

தாலிபான் அங்கே இல்லை. தோற்று ஓடியவர்களை எவரும் அழைக்க விரும்பவில்லை. அழைத்திருந்தாலும் அந்த வாரம் அவர்கள் வந்திருக்க மாட்டார்கள். பிராஹிமி பின்னாளில் இதைத் தன் பணியின் மூலப்பிழை என்றே பேசினார். பானில் சேர்க்க முடியாமல் போனதைக்கூட விட்டுவிடலாம், 2002, 2003-இல் அவர்கள் சிதறிக் கிடந்தபோது தேடிப்போய்ப் பேசாததுதான் பெரிய தவறு என்பது அவர் நிலை. இதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். காபூலுக்கு வெளியே சர்வதேசப் பாதுகாப்புப் படையை விரிக்க வேண்டும் என்று அவர் ஆரம்பத்திலிருந்தே கேட்டார். பாதுகாப்பு மன்றம் அதற்கு அனுமதி கொடுத்தது 2003 அக்டோபரில். அதற்குள் மாகாணங்கள் பழைய போர்ப் பிரபுக்கள் கையில்.

ஈராக்கில் 2004-இல் அவருக்குக் கிடைத்தது அதைவிடக் குறைவு. இடைக்கால அரசில் கட்சி சாராத நிபுணர்கள் இருக்க வேண்டும் என்றார். அமெரிக்கா அமைத்த ஈராக் ஆட்சி மன்றம் தன் ஆளான இயாத் அல்லாவியைப் பிரதமராக்கிக்கொண்டது. அமெரிக்க நிர்வாகி பால் பிரெமரை 'ஈராக்கின் சர்வாதிகாரி' என்று ஜூன் 2 அன்று செய்தியாளர்களிடமே சொல்லிவிட்டார், பணமும் கையெழுத்தும் அவரிடம்தானே இருக்கிறது என்ற விளக்கத்தோடு. முன்பு பாலஸ்தீனர் மீதான இஸ்ரேலின் கொள்கை இந்தப் பிராந்தியத்தில் ஊறும் பெரும் விஷம் என்று பிரெஞ்சு வானொலியில் சொல்லி வாஷிங்டனின் கோபத்தை வாங்கியவர்தான். இந்த இரண்டு பேச்சும் வாய் தவறி வந்தவை அல்ல. அரபு மக்களின் கோபத்தைப் பயங்கரவாதம் என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்தால் நோயைக் கண்டுபிடிக்க முடியாது என்பது அவர் நெடுங்காலமாகச் சொல்லி வந்தது.

ஜெனீவா 2014: அதே முறை, கீழே தரை இல்லை

முந்தைய தூதர் கோஃபி அன்னான் விலகிய பின் 2012 ஆகஸ்ட் 17 அன்று ஐ.நா.வும் அரபு லீக்கும் பிராஹிமியைச் சிரியாவுக்கான கூட்டுப் பிரதிநிதியாக நியமித்தன. கையில் இருந்தது, ஜூன் 30 அன்று வல்லரசுகள் ஒப்புக்கொண்ட ஜெனீவா அறிக்கை. 'முழு நிர்வாக அதிகாரம் கொண்ட இடைக்கால ஆளும் அமைப்பு', அதுவும் 'இரு தரப்புச் சம்மதத்தோடு'. ஹாஃபிஸின் மகனும் சிரியத் தலைவருமான பஷார் அல்-அஸத் போவாரா மாட்டாரா என்று ஒரு வார்த்தையும் இல்லை. கையெழுத்து உலரும் முன்பே அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளின்டன் அவர் போக வேண்டும் என்றும், ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் அப்படி எதுவும் எழுதவில்லை என்றும் விளக்கம் கொடுத்தார்கள்.

தாயிஃபிலும் இப்படி மங்கலான வரிகள் உண்டு. அங்கே அந்த மங்கலுக்குப் பொருள் சொல்ல நாட்டுக்குள் நாற்பதாயிரம் வரையிலான சிரியப் படை இருந்தது, அதை வாஷிங்டனும் ரியாத்தும் பொறுத்துக்கொண்டன. ஜெனீவா அறிக்கைக்குப் பொருள் சொல்ல இருவர் இருந்தார்கள், இருவரும் எதிரெதிர். பாதுகாப்பு மன்றத்தில் ரஷ்யாவும் சீனாவும் அதற்குள் மூன்று முறை வீட்டோவைப் பயன்படுத்தியிருந்தன.

2012 அக்டோபரில் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நான்கு நாள் போர்நிறுத்தம் கேட்டார். முதல் நாளே உடைந்தது. கண்காணிக்க ஆள் இல்லை, மீறினால் என்ன என்பதற்குப் பதில் இல்லை, அதன் பின் வரவேண்டிய அரசியல் கூட்டத்துக்குத் தேதி இல்லை. பெய்ரூத்தில் ஏழு அம்சத்தை இழுத்துப் பிடித்த மூன்று கண்ணிகளும் இங்கே இல்லை.

பேச்சுக்கு வந்தவர்களைப் பாருங்கள். அரசுத் தரப்பு ஒரே குரல். எதிர்த்தரப்பில் தேசியக் கூட்டணியின் சுமார் 120 உறுப்பினர்களில் 58 பேர்தான் போகலாம் என்று வாக்களித்தார்கள். களத்தில் துப்பாக்கி வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் அவர்களை மதிக்கவில்லை. தாயிஃபின் 62 பேருக்கும் படை இல்லைதான், ஆனால் அவர்கள் வாக்குக்குச் சட்ட மதிப்பு இருந்தது. ஜெனீவாவில் எதிர்த்தரப்புக்குப் படையும் இல்லை, சட்டமும் இல்லை. சிரியாவில் ஆளும் பணமும் கொடுத்துச் சண்டையிட்ட ஈரானுக்கு 2014 ஜனவரி 19 அன்று ஐ.நா. பொதுச்செயலர் பான் கி-மூன் அழைப்பு அனுப்பி, எதிர்த்தரப்பு வரமாட்டோம் என்றதும் மறுநாளே திரும்பப் பெற்றார். 1989-இல் டமாஸ்கஸைக் கேட்காமல் தாயிஃப் நடத்தியதற்குச் சமம் இது.

ஜனவரி 22 சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரூவில் தொடக்க விழா. சிரிய வெளியுறவு அமைச்சர் வலீத் அல்-முஅல்லிம் தனக்குக் கொடுத்த நேரத்தைத் தாண்டி அரை மணிக்கும் மேல் பேசினார், பான் கி-மூன் மணி அடித்தும் நிறுத்தவில்லை. பிறகு ஜெனீவாவில் இரு தரப்பும் வெவ்வேறு கதவு வழியே ஒரே அறைக்குள் வந்து, ஒருவரை ஒருவர் நேராக விளிக்காமல், நடுவில் இருந்த பிராஹிமியை நோக்கியே பேசினார்கள். முதல் கூட்டம் அரை மணி நேரம்கூட ஓடவில்லை.

தகராறு வரிசையில் வந்து நின்றது. அரசு முதலில் பயங்கரவாதம் பேச வேண்டும் என்றது, எதிர்த்தரப்பு முதலில் இடைக்கால அமைப்பு. பிராஹிமி சொன்ன வழி: ஒரு நாள் அது, மறுநாள் இது, இரண்டும் சேர்ந்தே நகரட்டும். அரசுத் தரப்பு முதல் பொருள் முழுதாக முடியாமல் இரண்டாவதைத் தொட மாட்டோம் என்றது. அதற்கு முடிவே கிடையாது என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கையில் கிடைத்த ஒரே பலன், ஹோம்ஸ் பழைய நகர முற்றுகையிலிருந்து சுமார் 1,400 பேர் வெளியேற்றப்பட்டது. பிப்ரவரி 15 அன்று அடுத்த சுற்றுக்குத் தேதி குறிக்காமல், சிரிய மக்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்தார். ஜூன் 3-இல் தேர்தல் என்று டமாஸ்கஸ் அறிவித்ததும் மிச்சமும் போனது. மே 13-இல் அவருடைய விலகல் அறிவிக்கப்பட்டது.

அஸத் சீக்கிரம் விழுவார் என்று அரபுத் தலைநகரங்களும் மேற்கும் கணக்குப் போட்டிருந்த நேரத்தில், இல்லை என்று சொன்னது ரஷ்யா, ரஷ்யர்களின் கணிப்பே நிஜத்துக்கு நெருக்கமாக இருந்தது என்று பிராஹிமி பின்னர் ஒப்புக்கொண்டார். எல்லோரும் தங்கள் ஆள் வெல்வான் என்றே நம்பினார்கள், அந்த நம்பிக்கை இருக்கும்வரை மத்தியஸ்தருக்கு வேலை இல்லை. சிரியா இன்னொரு சோமாலியா ஆகலாம் என்று 2014-இலேயே எச்சரித்தார்.

2000-ஆம் ஆண்டு ஐ.நா. அமைதிப் படைகள் பற்றி அவர் தலைமையில் வந்த அறிக்கை, பாதுகாப்பு மன்றம் கேட்க விரும்புவதை அல்ல, அறிய வேண்டியதைச் செயலகம் சொல்ல வேண்டும் என்று எழுதியது. சிரியாவில் அவர் அதைத்தான் செய்தார். மன்றம் கேட்டுக்கொண்டது, அவ்வளவுதான். அஸத் ஆட்சி 2024 டிசம்பர் 8-இல் விழுந்தபோது ஜெனீவா ஆவணத்தின் ஒரு வரியும் அதில் பங்கு வகிக்கவில்லை. வடமேற்கில் உள்ள இட்லிபிலிருந்து கிளம்பிய எதிர்ப்புப் படை பன்னிரண்டே நாளில் டமாஸ்கஸை அடைந்தது, மாஸ்கோவும் தெஹ்ரானும் அந்த முறை காப்பாற்ற வரவில்லை.